மரம் இல்லாத தீவு

பலெர்மோ
9 நவம்பர் 2025

என் அன்புப் பிள்ளை அமலினிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வேலைக்கென்று பஸ் ஏறினவன் லிபெர்த்தாத் தெருவில் இறங்காமல் பிரான்காச்சோவில் போய் இறங்கினேன். இறங்கினதோடு நிற்கவில்லை. நீ சின்னப்பிள்ளையாக இருக்கையில் நாங்கள் இருந்த அந்த மூன்றாம் மாடிக்கு ஏறி, திறப்பைப் போட்டுக் கதவோடு மல்லுக்கட்டினேன். உள்ளாடையோடு ஒரு இத்தாலியன் தடியும் கையுமாகத் திறந்தான். என் முகத்தைப் பார்த்ததும் தடியைச் சாத்திவிட்டு, கோப்பி குடிக்கிறாயா என்று கேட்டான். குடித்தேன். நல்ல கோப்பி. கோட்டில் வழக்குப் பேசி ஓய்ந்த, இப்போது நான் பராமரிக்கிற அப்புக்காத்து லொரென்சோ ஐயாவின் வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போய், பஸ்ஸில் பழியைப் போட்டேன்.

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதச் சொல்கிறாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவனின் எழுத்தில் உனக்கு என்ன ருசியோ தெரியாது. எழுதுகிறேன். நீயும் உன் தீவைப் பற்றி எழுது. அதன் பெயர் என் வாய்க்குள் வராது. உறையைப் பார்த்துத்தான் கீறுகிறேன். அங்கே என்ன மரங்கள் நிற்கின்றன?

அப்பா


தீவிலிருந்து
27 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் மறுகரையில் நாலு நாள் கிடந்துவிட்டு இன்றுதான் வந்தது. காற்று என்றால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் கடையில் பாணும் இல்லை, பாலும் இல்லை. யாரும் கோபிப்பதில்லை. கடைக்காரி வெறும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டு நிற்பா.

இங்கே மரம் இல்லை, அப்பா. ஒன்றுகூட இல்லை, காற்று விடாது. கல், ஈரப் புல், செம்மறி ஆடுகள், கறுத்த சதுப்பு நிலம். அந்தச் சதுப்பை வெட்டிச் செங்கல் மாதிரிக் காயவைத்து அடுப்பில் எரிக்கிறார்கள். என் உடுப்பெல்லாம் அந்தப் புகைதான் மணக்கிறது. மூன்றரைக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமையில் இங்கே ஒருவரும் உடுப்புக் காயப்போடுவதில்லை, ஆண்டவருடைய நாளாம். வந்த புதிதில் அது தெரியாமல் கட்டில் விரிப்புகளைக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் ஈரத்தோடு மடித்து வாசலில் இருந்தது. யார் மடித்தது என்று இன்றைக்கும் தெரியாது.

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒன்பது பேர். மர்டோ என்று ஒரு கிழவர் பின்னேரமானால் தன் படகைத் தேடுவார். யன்னலடிக்குக் கூட்டிப் போவேன். கடலைக் கண்டதும், தேடினது என்ன என்பதை மறந்து என் கையைப் பிடித்தபடி நிற்பார்.

பிரான்காச்சோ கதையை வாசித்துச் சிரித்தேன் அப்பா. பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. இப்படி நடந்தது இதுதான் முதல் தரமா? மறைக்காமல் எழுதுங்கள். டொக்டரிடம் போங்கள்.

அன்பு மகள்
அமலினி


பலெர்மோ
14 டிசம்பர் 2025

என் பிள்ளைக்கு,

டொக்டரிடம் போனேன். இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டார். சுவரில் பெரிய கலண்டர் தொங்குகிறது, என்னைக் கேட்கிறார். பிறகு தலையைப் படம் எடுத்தார்கள். இந்த மறதி வருத்தத்துக்கு ஒரு நீளப் பெயர் சொன்னார். அப்புக்காத்து ஐயாவின் மருந்துக் கடதாசிகளில் ஆறு வருசமாக நான் வாசித்துவருகிற அதே பெயர். அதனால் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்று. போன கிழமை ஐயாவுக்கு மத்தியானச் சாப்பாட்டை இரண்டு தரம் ஊட்டியிருக்கிறேன். ஊட்டினதை நான் மறந்தேன், சாப்பிட்டதை அவர் மறந்தார். இரண்டாம் தரமும் ஆசையாகத்தான் சாப்பிட்டார், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. கழுவுகிற தொட்டியில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பையைக் கண்ட வீட்டுக்கார அம்மா சின்யோராவுக்குத்தான் விளங்கிவிட்டது. நல்ல மனுசி. என் கையைப் பிடித்து, போதும் றோபேட், இனி வீட்டில் இரு என்று சொல்லி அழுதா. நான்தான் அவவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அது கிடக்கட்டும். உன் தீவைப் பற்றி ஒன்றும் எழுதுகிறாயில்லையே. அங்கே என்ன மரங்கள் நிற்கின்றன?

அப்பா


தீவிலிருந்து
2 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் அமலினி, உங்கள் மகள். ஸ்கொட்லாந்தில் ஒரு தீவில், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். இங்கே மரம் இல்லை, அப்பா.

மர்டோ நத்தார்ப் பண்டிகைக்கு முந்தி இறந்துவிட்டார். ஊர் ஆண்கள் தோள் மாற்றி மாற்றி, காற்றுக்குள்ளே கடற்கரைச் சவக்காலை வரைக்கும் சுமந்துகொண்டு போனார்கள். அவருடைய ஒரே மகன் மறுகரையில் கப்பலுக்குக் காத்து நின்றார். வந்து சேர்ந்தபோது மண்ணின் மேலே புல்லைத் திரும்பப் பதித்துவிட்டார்கள். நான்தான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். அவரைப் பார்த்த நேரம் தொட்டு எனக்கு இங்கே மனம் நிற்கவில்லை.

அப்பா, நான் வரப்போகிறேன். என் வீசா இந்த இல்லத்தோடு கட்டினது. விட்டுவிட்டு வந்தால் திரும்பிப் போக வழியில்லை, நிரந்தரமாக்க இன்னும் இரண்டு வருசம் வேண்டும். உங்களை இங்கே கூப்பிடச் சட்டத்தில் இடமில்லை. எல்லாம் யோசித்துவிட்டேன். பதினெட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பேன். வா என்று ஒரு சொல் சொல்லுங்கள், அடுத்த கப்பலில் ஏறுகிறேன்.

அமலினி


பலெர்மோ
18 ஜனவரி 2026

என் பிள்ளைக்கு,

உன் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்துச் சிரித்தேன். அப்புக்காத்து ஐயாவின் அறைக்குள் காலையில் நான் அப்படித்தான் நுழைவேன். நான் றோபேட், உங்களைப் பார்க்க வாறவன் என்று சொல்லிக்கொண்டுதான். என்னை ஞாபகமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அதுகளுக்கு வெட்கமாகப் போய்விடும். நீ நல்ல தாதி.

கீழ்வீட்டு அருளையா இப்போது என்னோடுதான் இருக்கிறார். பல்லரோச் சந்தையில் மீன் வாங்கி வந்து அவரே சமைக்கிறார். அடுப்புப் பக்கம் என்னை விடுவதில்லை.

இன்று பின்னேரம் நீ போன் எடுத்தாய். "அப்பா, நான் வரட்டே?" என்று கேட்டாய். "வேண்டாம் பிள்ளை. உங்கட வேலையைப் பாருங்கோ. எனக்கு இஞ்சை ஒரு குறையுமில்லை" என்றேன். சாப்பிட்டேனா, மருந்து எடுத்தேனா என்றெல்லாம் கேட்டாய். பிறகு, "ஓம், சரி அப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தச் சொல்லையே வைத்துக்கொள், பிள்ளை. வராதே. இரண்டு வருசத்தையும் முடி. நான் ஆறு வருசம் ஒருவரைப் பார்த்தவன், இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நீ வந்து சேரும்போது இங்கே இருக்கப்போகிறவனுக்கு நீ வந்ததும் ஒன்றுதான், வராததும் ஒன்றுதான்.

போனை வைத்த பிறகு, மகள் என்ன சொல்லுறா என்று அருளையா கேட்டார். அதற்குப் பிறகுதான் இருந்து எழுதுகிறேன். உனக்கு வாயால் சொல்லாதது ஒன்று இருக்கிறது. இங்கே எங்கள் கோயில் பங்குப் பிள்ளைகள் எல்லாரும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீ கதைத்த அந்தப் பத்து நிமிசமும், யார் பெற்ற பிள்ளையோ, எவ்வளவு பாசமாகக் கதைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா