உன் பெயரில் வந்த கட்டுரை

ஊட்டிக்குப் போய் வந்த எதிர்வீட்டுக்காரர்கள் இன்று காலை ஒரு பாட்டில் மலைத்தேன் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூடியைத் திறந்ததும் வாசனை எழுந்தது, உடனே மூடிவிட்டேன். பாட்டிலை மேசையில் அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போன பிறகு நடந்த ஒரு விஷயத்தை இன்னும் உன்னிடம் நான் சொல்லவில்லை.

போத்தனூரில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய கஞ்சி மாவுக் கடையின் பின்கட்டு நினைவிருக்கிறதா? நான் ராகியையும் பாசிப்பயறையும் வறுத்துக்கொண்டிருப்பேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் போனில், இணையத்தில் இருக்கும் நம் கடையின் பிளாக்குக்கு எழுதுவாய். எழுதியதை அரவை மெஷின் சத்தத்தையும் மீறி எனக்குப் படித்துக் காட்டுவாய். பதினெட்டு வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நீ. அப்படியும் ஒவ்வொரு கட்டுரையையும் போடும் முன் வார்டின் பழைய டாக்டரம்மாவுக்கு போன் செய்து கேட்டுக்கொள்வாய். எதற்கு இத்தனை முறை என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். "படிக்கறவ இடுப்புல கொழந்தை இருக்கும் புள்ள. அவசரத்துல பாதிதான் படிப்பா. அந்தப் பாதியில தப்பு வந்துரக் கூடாது" என்றாய். வாசகிகளுக்கு நீ நர்ஸம்மா. அவர்கள் நம் மாவை வாங்கியதே உன் எழுத்தை நம்பித்தான்.

ஆடியில் நீ போனாய். பிளாக் நின்றது. "நர்ஸம்மா ஏனுங்க எழுதறதில்லை?" என்று கேட்டுக் கேட்டு வந்த செய்திகளுக்கு நான் பதிலே போடவில்லை. நீ இல்லை என்று எழுத என் கை வரவில்லை. கார்த்திகையில், யாரோ சொல்லி, ஃப்ரீலான்ஸாக எழுதிக் கொடுக்கும் ஒரு பெண்ணைப் பிடித்தேன். பல்லடத்துக்காரி, பெயர் நித்யா, அவளுக்கும் பள்ளிக்கூடம் போகிற பையன் இருக்கிறான். நர்ஸம்மா காலமாகிவிட்டாள் என்பதை அவளிடம் சொன்னேன். எழுத்து மட்டும் நர்ஸம்மாவைப் போலவே இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"கீழ யாரு பேருங்க போடறது?" என்று கேட்டாள்.

"அவ பேரையே போடு அம்மணி" என்றேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கெட்டிக்காரிதான். உன் பழைய கட்டுரைகளை எல்லாம் படித்துவிட்டு ஒன்று எழுதி அனுப்பினாள். 'ஆறு மாதக் குழந்தைக்கு முதல் கஞ்சி.' "வாங்க கண்ணுகளா, அடுப்பைச் சிம்ல வெச்சுட்டு உக்காருங்க" என்று தொடங்கியிருந்தது. அப்படியே நீ. இரண்டு பத்தி படிப்பதற்குள் கண்ணீர் மறைத்துவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போட்டுரு" என்று செய்தி அனுப்பிவிட்டேன். மூன்றாவது பத்தியை நான் படிக்கவே இல்லை.

தை பிறந்த பின் ஒரு காலையில் கட்டுரையின் அடியில் வந்திருந்த கேள்விகளைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஒருத்தி எழுதியிருந்தாள். "நர்ஸம்மா, நீங்க சொன்ன மாதிரியே கஞ்சியில ஒரு ஸ்பூன் தேன் கலந்து ஒரு வாரமா குடுக்கறேன். பாப்பாவுக்கு ஏழு மாசம். மூணு நாளா வெளிய போகலை. நேத்திலிருந்து பால் சரியாக் குடிக்க மாட்டேங்கறா. பயப்படணுமுங்களா?"

மேலே போய் மூன்றாவது பத்தியைப் படித்தேன். இருந்தது. ஒரு ஸ்பூன் தேன்.

தேனைப் பற்றி நாம் ஒருமுறை சண்டை போட்டிருக்கிறோம். நாமெல்லாம் தேன் நக்கி வளர்ந்தவர்கள்தானே என்று நான் சொல்லப்போக, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு உன் வார்டில் பார்த்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னாய். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விஷம் அந்தப் பிஞ்சு உடம்பைத் தளர்த்திப் போட்டதையும், கழுத்து நிற்காமல் மூச்சுக்கு அது பட்ட பாட்டையும். "ஒரு வயசு ஆகறவரைக்கும் தேனே கூடாது. எல்லாக் கொழந்தைக்கும் அப்படி ஆகாதுதான். ஆன ஒண்ணை நான் பாத்திருக்கேன்" என்றாய். எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை, எனக்குத் தெரிந்தே இருந்தது.

கேள்விக்கு மேல் கவுசல்யா என்ற பெயர் மட்டும் இருந்தது. மாவு பார்சல் விலாசங்கள் எழுதிய நோட்டைப் புரட்டினேன். கவுசல்யா, அவிநாசி. எண் கிடைத்தது. முதல் தடவை மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். அந்த இரண்டு நிமிடத்தில் என் மனம் போன இடத்தை இங்கே எழுத மாட்டேன். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"கஞ்சி மாவுக் கடையிலிருந்து பேசறேன்" என்றேன்.

"நர்ஸம்மாங்களா?"

இல்லை என்று சொன்னால் விளக்க வேண்டும். விளக்கினால் அவள் யோசிப்பாள். "ஆமா கண்ணு" என்றேன். "பாப்பா அழுகறாளா?"

"அழுகறாளுங்க. சத்தந்தான் வரமாட்டேங்குது. பூனைக்குட்டியாட்ட முனகறா."

"கழுத்து நிக்குதா?"

"தொவண்டு தொவண்டு விழுகுதுங்க. தூக்கக் கலக்கம்னு அத்தை சொல்றாங்க. கஷாயம் வெச்சிட்டிருக்காங்க."

"வாயில ஒண்ணும் ஊத்தாதே கண்ணு. இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. தேன் குடுத்தேன்னு மொதல்ல சொல்லு."

அவள் அழத் தொடங்கினாள். "நீங்க சொல்லித்தானுங்க குடுத்தேன்?"

"ஆமா, தப்பாச் சொல்லிப்போட்டேன். கெளம்பு."

கட்டுரையைப் பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நித்யாவிடம் சொன்னேன். "எம் பையனுக்கும் தேன் கலந்துதானுங்க குடுத்தோம்" என்றாள். குழந்தையை அவிநாசியிலிருந்து கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் போனேன். பல்லடத்திலிருந்து பஸ் பிடித்து நித்யாவும் வந்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கில் குழாயோடு கிடந்த உடம்பைப் பார்த்தோம். நெஞ்சு ஏறுகிறதா இறங்குகிறதா என்று எண்ணிக்கொண்டே நின்றேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவ்வளவு நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கவுசல்யா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருக்கறது தைரியமா இருக்குங்க நர்ஸம்மா" என்றாள். நான் உண்மையை அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் இல்லை. நான் நர்ஸ் இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வாளோ என்ற பயம் ஒரு பக்கம். அந்தத் தைரியத்தையும் பிடுங்கிவிட்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்பது இன்னொரு பக்கம். மூன்றாம் நாள் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"நர்ஸம்மா செத்து ஆறு மாசமாச்சு கண்ணு. அதை எழுதுனது அவ இல்லை. போன்ல பேசுனதும் அவ இல்லை, நாந்தான். நான் மாவு அரைக்கறவ."

டம்ளரைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு நான் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் தினமும் போனேன். பத்தொன்பதாவது நாள் குழந்தை வீட்டுக்குப் போனது, கழுத்து நின்று, சத்தமாக அழுதுகொண்டு. தேனாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று எதையோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நடந்ததை எல்லாம் என் பெயரைப் போட்டுப் பிளாக்கில் எழுதினேன். நீ இல்லை என்பதையும் எழுதினேன். நித்யா வேலையை விடவில்லை. இப்போது அவள் பெயரில் எழுதுகிறாள். உன் டாக்டரம்மா படித்துச் சரி என்று சொன்ன பிறகு, கடைசி வரிவரை நானும் படிக்கிறேன். அப்படியும் போன் மணி அடித்தால் யார் எண் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

போன வாரம் அந்த அவிநாசி எண்ணிலிருந்து அழைப்பு. அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"பாப்பாவுக்கு மறுபடியும் கஞ்சி ஆரம்பிக்கலாமுங்களா?" என்று கேட்டாள் கவுசல்யா.

"எனக்குத் தெரியலை கண்ணு" என்றேன். "டாக்டர்கிட்டக் கேட்டுத்தான் சொல்ல முடியும். அப்பவும் நீ உங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோணும்."

அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது போனில் கேட்டது.

"கேட்டே சொல்லுங்க" என்றாள். "இந்தத் தடவை யாருகிட்டப் பேசறேன்னு தெரிஞ்சுதானுங்க கேக்கறேன்."