சனி திரும்பி வந்த இடம்

வைகாசி, வெள்ளிக்கிழமை இரவு.

நாளைக் காலையில் அப்பா எங்கள் கிணற்றுக்குள் இறங்கப் போகிறார். மோட்டார் குழாயின் அடிப்பக்கம் அடைத்துக்கொண்டது. தாத்தா இறங்கி, மேலே வராமல் போனதும் இதே கிணற்றில்தான்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மா சொன்னாள்: "ஒன் தாத்தா போனப்ப சனி மீனத்துல இருந்தான். இப்ப சுத்தி மறுபடியும் அங்கயே வந்துட்டானாம், ஜோசியர் சொல்றாரு. நீ காலேஜுல இதத்தானே படிச்ச? பொய்யின்னா சொல்லு, வாய மூடிக்கிறேன்."

அப்பா சிரித்தார். "சனியா வந்து கொழாய அடைச்சான்? பாசி அடைச்சிருக்கு."

போனில் வான வரைபடத்தைத் திறந்து, தாத்தா இறந்த தேதியைப் போட்டேன். பிறகு இன்றைய தேதியை. சனி ஏறக்குறைய அதே நட்சத்திரங்களுக்கு நடுவில் நின்றது.

இதில் அதிசயம் இல்லை. சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் புதன் மூன்று மாதத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும். சனி வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே சூரியனின் இழுப்பு குறைவு, பாதையும் நீளம். ஊர்ந்து ஊர்ந்து சுற்றிவர முப்பது வருடத்துக்குப் பக்கம் ஆகிறது. தாத்தா போயும் அவ்வளவு காலம்தான் ஆகிறது.

இதையெல்லாம் விளக்கவில்லை. "எல்லாம் பொய்ம்மா" என்றேன். படித்தவள் சொன்னதால் அம்மா நம்பினாள். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

சனிக்கும் கிணற்றுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு கொல்லைக்குப் போய், நாளை இறங்குவதற்காக அப்பா எடுத்துவைத்திருந்த வடக்கயிற்றைத் தூக்கிவந்து என் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டேன்.

கயிறு ஈரமாக இருக்கிறது. இன்று யாரும் கிணற்றில் இறங்கவில்லை.