முள் இறங்கிய காரணம்

சிவசங்கரியின் தம்பி கமலக்கண்ணன்தான் அவள் புருஷன் புருஷோத்தமனின் லாரியை ஓட்டுகிறவன். நேற்று இன்ஜின் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு இறங்கியதும், "ஆயிலை வித்துட்டியாடா?" என்று வீல் ஸ்பேனரால் அவன் கையை உடைத்தான் புருஷோத்தமன். இன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் புருஷனுக்கு எழுதினாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

"சாப்பாடு அடுப்பு மேடையில மூடி இருக்கு. இனிமே உனக்கு நீங்க, வாங்க எல்லாம் கிடையாது.

மூலக்குளம் மெக்கானிக் வந்து பார்த்தாரு. ஆயில் அளவு பார்க்கிற ஸ்டிக்கை உருவினா ஆயில் முழுசா இருந்துச்சு. வேற மீட்டர் மாட்டியும் முள் ஏறலை. அப்புறம் இன்ஜின் அடியில ஆயில் தேங்குற சம்ப்பைக் கழட்டினாரு. ஆயிலை உறிஞ்சற சல்லடையில துணி அடைச்சிருக்கு. மூடி தொலைஞ்சுபோச்சுன்னு ஆயில் ஊத்துற வாயில உன் லுங்கியைக் கிழிச்சுத் திணிச்சியே, அதே நீலக் கட்டம். அது உள்ளே விழுந்ததுகூடத் தெரியாம என் தம்பியை அடிச்சிருக்க.

அவனுக்கு இன்னைக்குக் கம்பி வைக்கிறாங்க. ஆஸ்பத்திரி பக்கம் வந்தின்னா, அதே ஸ்பேனரால உன் கையை உடைப்பேன். ஸ்பேனர் என் பையில இருக்கு."

இடமில்லாமல் ஓரத்தில் இன்னொரு வரி:

"மூடி வச்ச தட்டுல சோறு இல்ல. அந்தத் துணிதான் இருக்கு. தின்னு."