பெட்டிக்கு மூன்று பூட்டு

1903 கார்த்திகை, சனிக்கிழமை இரவு

தங்கச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள மாரிகுப்பம், ஆண்டர்சன்பேட்டை, ஸ்கெலட்டன் குடியிருப்புகளின் மூன்று வாசகசாலைகளும் ஒற்றுமையாகிவிட்டன. புத்தகங்களை ஒரே பெட்டியில் போட்டு முறைவைத்து அனுப்புகிறோம். ஒற்றுமை குலையாதிருக்கப் பெட்டிக்கு மூன்று பூட்டு, ஒவ்வொரு வாசகசாலைத் தலைவரிடமும் ஒரு சாவி. இன்று பெட்டி எங்கள் மாரிகுப்பத்துக்கு வந்தது. இரண்டு தலைவர்கள் சாவியோடு வந்தார்கள். ஸ்கெலட்டன் தலைவர் வரவில்லை. பெயர்ப்பலகையில் தம் பெயரை மூன்றாவதாக எழுதிவிட்டோமாம்.

ஷிப்ட் முடிந்த ஆட்கள் கதை கேட்கக் காத்திருந்தார்கள். வாரந்தோறும் படித்துக் காட்டுகிறவன் நான். போன முறை கதாநாயகன் பாழுங்கிணற்றில் விழுந்ததோடு நிறுத்தியிருந்தேன்; மீதிக் கதை பெட்டிக்குள். அவர்களில் முனுசாமிக்குச் சுரங்கத் தூசியால் வந்த இருமல்; நாளைக் காலை ரயிலில் ஊருக்குப் போகிறான். அந்த இருமலோடு போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

"பூட்ட ஒடைங்க ஐயா" என்றான்.

"ஒற்றுமை என்னாவது?" என்றார் எங்கள் தலைவர்.

"இன்னா ஒத்துமையோ!" என்று முனுசாமி என் பக்கம் திரும்பினான். "கெணத்துல வுழுந்தவன் பொழைச்சானா? அத்த மட்டும் சொல்லுங்க."

முடிவை நானும் படித்ததில்லை. பிழைத்துவிட்டான் என்றேன். "அப்பாடா" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

தலைவர்கள் நாளை ஸ்கெலட்டனுக்குச் சமாதானம் பேசப் போகிறார்கள். முனுசாமியின் ரயில் கிளம்பும்வரை அவர்கள் சண்டை தீராமல், பெட்டி திறக்காமலிருந்தால் தேவலை.