வாசலுக்கு வெளியே பதினொரு அடி

9 பெப்ரவரி 1976
இன்று என் திட்டத்தை மேலதிகாரி ஹாலோரனிடம் கொடுத்தேன். மெல்பேர்ணுக்கு வந்து நாலு வருடம். இந்தக் கழிவுநீர் நிலையத்தில் என் பெயரில் போகும் முதல் கடதாசி இதுதான். சீஸ் பக்டரிக்காரன் சீஸ் பிழிந்த தண்ணீரை லொறியில் கொண்டுபோய் வெறுங்காணியில் கொட்டுகிறான். அதை எங்கள் மூடிய தொட்டியில் விட்டால் கழிவோடு சேர்ந்து புளித்துக் காஸ் வரும். அந்தக் காஸில் கரண்ட் எடுக்கும் எங்கள் எஞ்சின் ஓடும். தொட்டியோ அரைவயிற்றோடு கிடக்கிறது. இதில் விளங்காததற்கு என்ன இருக்கிறது?

12 பெப்ரவரி
இருக்கிறதாம். "குழாயில் வந்தால் எங்களுடையது. லொறியில் வந்தால் குப்பை. குப்பை கவுன்சிலின் வேலை" என்கிறார் ஹாலோரன்.

26 பெப்ரவரி
கவுன்சிலுக்குப் போனேன். "தண்ணீராக இருந்தால் அது குப்பை இல்லை" என்றார் அங்கிருந்த அதிகாரி. அடக் கடவுளே! ஒரு வாளி கொண்டுபோய் அந்த ஆளின் மேசையில் வைத்திருக்க வேணும்.

11 மார்ச்
எங்கள் நிலையம், கவுன்சில் என்று இரண்டு கந்தோரும் கூடிய கூட்டம். தொட்டி பழுதானால் யார் பொறுப்பு — இதையே ஒரு மணித்தியாலம் அரைத்தார்கள். காஸைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு விசர் வந்துவிட்டது. "எங்கள் வாசலுக்கு வெளியே பதினொரு அடியில் தெரு மான்ஹோல் இருக்கிறது. லொறியை நிற்பாட்டி அதற்குள் ஊற்றச் சொல்லுங்கள். பிறகு குழாயில்தானே வரும்!" என்று கத்தினேன். நக்கல். ஒருத்தரும் சிரிக்கவில்லை. காரியதரிசி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

மனைவி ரஞ்சினியிடம் சொன்னேன். "நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? சாப்பிட வாங்கோ" என்றாள்.

2 ஏப்ரல்
மான்ஹோலில் ஊற்றச் சொன்னதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! கூட்டக்குறிப்பில் "திரு. கணேசலிங்கத்தின் யோசனை" என்று என் பெயரிலேயே இருக்கிறது. ஹாலோரனிடம் ஓடினேன். மான்ஹோலில் ஊற்றினால் அது ஊர்க் கழிவோடு கரைந்து, காற்றடிக்கும் திறந்த தொட்டிக்குத்தான் போகும். காஸும் இல்லை, காற்றடிக்கக் கரண்டும் இன்னும் கூடுதலாகத் தேவை என்றேன். "உங்கள் யோசனைதானே, சந்தோஷப்படுங்கள்" என்று கை குலுக்கினார். என்ன மனிசரப்பா இவையள்!

27 ஏப்ரல்
லொறி வந்தது. ஊற்றியது. வாசலில் நின்று பார்த்தேன்.

10 ஜூன்
காற்றடிக்கும் மோட்டர்கள் நிற்காமல் ஓடுகின்றன. மூடிய தொட்டி அதே அரைவயிற்றோடு. காலையில் மேசையில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம்: கரண்ட் பாவிப்பு ஏன் கூடியது? யோசனை உங்களுடையதாகையால் விளக்கம் எழுதித் தரவும்.

பெப்ரவரியில் கொடுத்த திட்டத்தின் கார்பன் பிரதியை எடுத்தேன். திகதியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.