ஜன்னலை அடைத்துப் பூட்டிய ஏசி

சாய்ந்தமருது

அன்பு மகன் ஹாதிக்குக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலிலும் வேலையிலும் அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமென்று ஐந்து நேரமும் கேட்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் சரியில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை கிடந்தால் பொறுத்துக்கொண்டு வாசி. போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். நீ கோல் எடுத்தால் உன் தங்கச்சி பஸ்மினா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், சுற்றிவர எல்லாரும், நானும் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். முன்வீட்டு றபீக்காவின் புருஷன் லீவு முடிந்து உன் பக்கம் வருகிறார், றபீக்கா மூலம் அவரிடம்தான் இதை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

உன் வாப்பா மௌத்தாகி இன்றைக்கு எழுபத்திரண்டு நாள். பிற ஆண் கண்ணில் படாமல் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறபடியால் நான் வாசல் தாண்டுவதில்லை, ஹோலுக்கும் வருவதில்லை, அங்கே மருமகன் அப்ராஸைத் தேடி ஆட்கள் வந்தபடி. வாப்பா படுத்திருந்த அறைதான் எனக்கும். அவருடைய நெஞ்சு இழுப்புக்காக நீ வாங்கிக் கொடுத்த ஏசியைச் சுவரில் பூட்டும்போது, குளிர் வெளியே போய்விடும் என்று இருந்த ஒரே ஜன்னலையும் அப்ராஸ் கல் வைத்துப் பூசினார், நீயும் போட்டோவில் பார்த்து நல்லம் என்றாய். இப்போது மிஷினும் இல்லை ஜன்னலும் இல்லை மகன். ஃபேனைப் போட்டால் அதே சூடு சுற்றிச் சுற்றி என் மேலேயே வந்து விழுகிறது. அஸர் தொழுது முடிக்கிறபோது தொழுகைச் சட்டையைப் பிழியலாம்.

போன திங்கட்கிழமை ஏசி திருத்துகிற பஸால் பாஸ் வந்தார். பிற ஆண் என்று என்னைக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள், நடுப்பகல் லுஹர் நேரம், அடுப்பில் இறைச்சி கொதிக்கிறது. பாஸ் வெளிப்பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள ஒண்டுமில்ல தம்பி, கடக்காத்து உப்பு எல்லாத்தையும் திண்டு முடிச்சிட்டு. ஒட்டி கேஸ் அடிக்கலாம், ஆறு மாசம் ஓடினா உங்கட அதிஷ்டம், புதுசு போடுங்க” என்றார். அப்ராஸ், “நீங்க இதத்தான் சொல்லுவீங்க எண்டு கூப்பிடக்குள்ளயே தெரியும்” என்று சிரித்தார். எப்போது நின்றது என்று பாஸ் கேட்க, அப்ராஸ் குசினிப் பக்கமாக, “மாமி, எப்ப நிண்ட?” என்று சத்தம் போட்டார். மௌத்துக்குப் பிறகு என்று பஸ்மினாவிடம் சொல்லி அனுப்பினேன். பாஸ் விடவில்லை. “இல்லியே, இது அதுக்கு முந்தியே குளிர் குடுத்திரிக்காது” என்றார். “பாஸோட மிஷினும் கதைக்கும் போல” என்று பஸ்மினா சிரித்தாள். 

பாஸ் சொன்னது சரி மகன். வாப்பா போகிறதுக்கு மூன்று நாளைக்கு முந்தியே அது நின்றுவிட்டது. நான் எழும்பி ஆட்களைக் கூப்பிடப் போக அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஹாதிக்குக்குச் சொல்லாத. டிக்கட்டுக்கு வெச்சிரிக்கிறதத் தூக்கி மிஷினுக்குப் போட்டிருவான். எனக்குக் குளிர் வேணாம், புள்ளயப் பாக்கணும்” என்றார். பஸ்மினா வந்து ஏன் போடவில்லை என்று கேட்டால், குளிருது மகள் என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார். அவள் போனதும் எடுத்துப் பார்த்தால் போர்வை வேர்வையில் நனைந்திருக்கும். காட்போட் மட்டையால் கை ஓயும்வரை விசிறினேன். நாலாம் நாள் விடிய சுபஹோடு போய்விட்டார். அஜல், விதித்த நேரம் வந்தால் எதுவும் தடுக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனாலும் அந்தப் பூசின சுவரைப் பார்த்தபடி படுத்தால், நான் வாயைத் திறந்திருந்தால் என்று வருகிறது.

நீ புதிது வாங்கச் சொல்கிறாய், அப்ராஸ் திருத்தினால் போதும் என்கிறார், மூன்று கிழமையாக இதே கதைதான், என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு இரண்டும் வேண்டாம். அந்தக் கல்லை உடைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். ஒருநாள் அப்ராஸிடம் வாய்விட்டுக் கேட்டேன். “பள்ளிவாசலுக்கு ஆம்புளயள் நடக்கிற ஒழுங்க ரோட்டு மாமி அது, இத்தாவில இரிக்கக்குள்ள ஜன்னலத் திறந்தா சனம் என்ன கதைக்கும்? அதோட மச்சான் சல்லி போட்டுச் செஞ்சத நான் உடைச்சா அவர் கோவிக்க மாட்டாரா?” என்றார். பெண்களுக்கு ஓதிக் கொடுக்கிறவ வந்தபோது கேட்டேன், திரை போட்டால் ஒரு குற்றமும் இல்லை என்றுவிட்டா. ஆனாலும் அப்ராஸ் உன் முகத்துக்காக நிற்கிறார். வெள்ளிக்கிழமை கோல் எடுக்கும்போது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்க நீயே சொல்லிவிடு, ஏசி வேண்டாம், உம்மாவின் ஜன்னலைத் திறந்துவிடுங்கள் என்று. உம்மா எழுதினா என்று மட்டும் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் தேத்தண்ணியோடு வேலைக்கு இறங்காதே. அல்லாஹ் உன் ஹயாத்தை நீளமாக்கி, உழைப்பில் பரக்கத் தருவானாக, கபுறடியில் நின்று வாப்பாவுக்கு ஒரு துஆ ஓதுகிற நாளையும் உனக்குத் தருவானாக. இந்தக் கடிதத்தை வாசித்து அழ வேண்டுமானால் அழு, ஆனால் போர்வைக் கதையைப் பஸ்மினாவிடம் சொல்லிவிடாதே. வாப்பாவுக்குக் குளிர்ந்தது என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

உன் உம்மா
சுஹறா