மஸ்கட்டுக்கு இரண்டு மணிக்கூர்

வேதப்புத்தகத்துக்குள் நீங்கள் மடித்து வைத்திருந்த தாளை நேற்று நம் மகளின் மகள், பேத்தி, எடுத்து விரித்தாள். நம் மகன் முதன்முதலாக மஸ்கட்டுக்குப் போன விமான டிக்கெட்டின் நகல். திருவனந்தபுரத்தில் காலை எட்டரைக்கு ஏற்றம், மஸ்கட்டில் பத்து நாற்பதுக்கு இறக்கம்.

அன்று விமான நிலையக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதபோது இந்தத் தாளைத்தான் காட்டினீர்கள். "ஏட்டி, கரையாத. ரெண்டு மணிக்கூர் ஆக்கும். எர்ணாகுளத்துக்கு பஸ்ஸில போனா இதவிடக் கூடுதலாவும்." அதன் பிறகு நம்ம ஊர் பாறசாலை முழுக்க அதையே சொல்லித் திரிந்தீர்கள். கல்ஃபிலிருந்து வந்த ஒருவன் மூன்றரைக்கு மேலே ஆகும் என்றான். "எலே, நீ ஏறினது காளவண்டியா?" என்று அவன் வாயை அடைத்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நீங்கள் கண்ணை மூடிய மறுநாள் மகன் மஸ்கட்டிலிருந்து போனில், "பத்து மணிக்கு ஏறுவேன் அம்மா" என்றான். உங்கள் தம்பி வந்து கேட்டான்: "மைனி, பிளைட் எத்தன மணிக்கூர்?"

"ரெண்டு" என்றேன்.

"அப்பம் ஒரு மணிக்கு ஆளு இஞ்ச நிக்கும். மூணு மணிக்கு எடுப்பம்."

மூன்றாகியும் வரவில்லை. போனும் கிடைக்கவில்லை. "ஏறியிருக்க மாட்டான் மைனி, மழையும் வருது" என்றான் தம்பி. உங்களை எடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து நான் திரும்பும் வழியில் மகன் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். "அம்மா, எறங்கியாச்சு. வாறேன். அப்பாவ எடுக்கண்டாம்."

வந்து ஈரமண்ணில் முகம் வைத்துக் கிடந்தான். விமானம் தாமதம் என்றே நம்பினேன். "எவ்வளவோ சொன்னேன், உன் சித்தப்பா காத்திருக்கல்ல" என்று மட்டும் அவனிடம் சொன்னேன். அது போதுமாக இருந்தது. இன்றுவரை அவன் சித்தப்பாவிடம் பேசவில்லை. கிறிஸ்துமஸ்தோறும் கேக்கோடு வரும் உங்கள் தம்பியை நானும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன்.

நேற்றுத்தான் பேத்தி விளக்கினாள். "அம்மச்சி, மஸ்கட் நேரம் நம்மளவிட ஒண்ணர மணிக்கூர் பின்னால. பத்து நாப்பதுங்கது அங்குள்ள நேரம். பறக்க மூணேமுக்காலுக்குக் கிட்ட வேணும். அண்ணைக்கு மாமன் அங்க பத்துக்கு ஏறினா, இஞ்ச மூணு கழிஞ்சுதான் எறங்க முடியும்."

விமானம் தாமதிக்கவில்லை. கணக்கு உங்களுடையது, சொன்ன வாய் என்னுடையது. இதைப் பேத்தியைக்கொண்டு எழுதவைக்க முடியாமல் தப்பும் தவறுமாக நானே எழுதுகிறேன்.

இரண்டு என்று சொன்னது நான்தான் என்பதை உங்கள் தம்பி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மறந்திருப்பான் என்று நினைக்க ஆசைதான். மறந்தவன் கேட்டில் அப்படித் தலைகுனிந்து நிற்க மாட்டான்.

இன்று மகன் கூப்பிட்டான். சொல்ல வாயெடுத்தேன். "சுகம் உண்டு மக்கா" என்று வைத்துவிட்டேன். எனக்குத் தெரியும், நாளையும் சொல்ல மாட்டேன். இதை வாய்க்குள் அடக்கிக்கொண்டேதான் உங்கள் பக்கத்துக் குழிக்கு வருவேன்.